பொட்டு வைத்த ரம்பமும் மாமன் மடியும்

நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சொருகிக் கிடந்தேன். ஐம்பதைத் தொடப்போகும் ஒரு தொப்பை அந்த இடுக்கில் நுழையும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

எதிரே, சாப்பாட்டு மேசை மேல், மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே மேசை விளிம்பை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. அதன் வாயில் மாட்டிய பலகைத் துண்டு, தண்ணீரிலிருந்து எடுத்துப்போட்ட கெண்டை மீன் மாதிரி துள்ளியது. மெஷினின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளபளத்தன. ஏதோ சாமி மலையேறாமல் என் வீட்டில் தங்கிவிட்டது போல ஒரு காட்சி.

நான் என் விரல்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன்.

சத்தம் கேட்டு என் மனைவி சாந்தி வந்தாள். மெஷினைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். பீரோவின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த என் வயிற்றைப் பார்த்தாள்.

"இன்னாங்க பண்றீங்க அங்க?"

"ஓடுது."

"தெரியுது. ஆஃப் பண்ணிட்டு ஒளிய வேண்டியதுதானே?"

அதில்தான் சிக்கல். அந்த மெஷினின் ஸ்விட்ச் நம் ஊர் ஸ்விட்ச் மாதிரி மேலே கீழே தட்டுகிற ஜாதியில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு மூடி. அதைத் தூக்கி உள்ளே எதையோ அழுத்தினேன், ஓடியது. மறுபடி அழுத்தினேன், இன்னும் உற்சாகமாக ஓடியது. மூடியைத் தடவினேன், திருகினேன், கும்பிட்டேன். அதற்குப் பிறகுதான் பீரோ.

சாந்தி நிதானமாக நடந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். மெஷின் நின்றது. வீட்டில் திடீரென்று அத்தனை அமைதி.

"வெளிய வாங்க."

"மாட்டிக்கினேன்."

போன வாரம் நான் லாமினேஷன் மெஷினில் ஒருவருடைய ஜாதிச் சான்றிதழை அப்பளமாகப் பொரித்த கதையை இதே பக்கத்தில் படித்துவிட்டு, "உங்களுக்கும் மெஷினுக்கும் ஆகாதா சார்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆகாதுதான். விழுப்புரத்தில் இத்தனை வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேப்பர் சிக்கினால் இன்றைக்கும் முதலில் கடையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டுதான் யோசிப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் ஒரு மின்சார ரம்பம் எப்படி வந்தது என்று கேட்பது நியாயம். அதற்கு என் மடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடி பிரச்சினை

என் தங்கை தேன்மொழியைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். ரொம்ப வருடம் காத்திருந்து பிறந்த ஒரே பெண், யாழினி. காது குத்துக்குத் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். கூடப் பிறந்தவன் வேறு யாரும் இல்லாததால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவன்.

மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவில். போன முறை அங்கே எல்லோரும் கூடினோம். மொட்டை ஆனது. மாலை போட்டார்கள். புதுப் பாவாடையோடு யாழினி என் மடியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். ஆசாரி பெட்டியைத் திறந்து தங்கக் கம்பியை எடுத்தார்.

கம்பியைக் குழந்தை பார்த்துவிட்டது.

முதலில் என் முழங்கையைக் கடித்தாள். கை விலகியதும் இறங்கி ஓடினாள். சந்தனம் தடவிய மொட்டைத் தலை கரும்புக்குள் போய் மறைந்தது. சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோகைக்குள் நுழைந்து தேடினார்கள். கிடைத்தபோது அவளுக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு சுட்டது. "இன்னிக்கி வாணாம், விடுங்க" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். குத்தாத காதுக்கு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.

பந்தியில்தான் மாப்பிள்ளையின் பெரியம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"கொழந்த மேல இன்னா தப்பு? மாமன் மடி சரியில்ல."

அவ்வளவுதான். இலைக்கு இலை அது பரவியது. சாயங்காலத்துக்குள் முடிவும் ஆகிவிட்டது. அடுத்த முறையும் இப்படி ஆனால், தங்கைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் வளவனூரில் இருக்கிறான், செல்வம் என்று. அவன் மடியில் உட்கார வைத்துவிடுவது. செல்வம் நல்ல மனிதன். அமைதியானவன். தொப்பை கிடையாது. அவன் மடியைப் பார்த்தால் எனக்கே உட்காரத் தோன்றும்.

நான் எல்லாவற்றுக்கும் ஜோக் அடிக்கிறவன். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றும் வரவில்லை. ஒரே தங்கை, ஒரே குழந்தை, ஒரே மடி.

பேச்சு வார்த்தை

கொஞ்ச நாள் கழித்து யாழினியே போன் பண்ணினாள். தேன்மொழி போனைப் பிடித்துக்கொண்டிருக்க, முகம் முழுக்க மூக்கு மட்டும் தெரிந்தது.

"மாமா, குத்தச்சொல்ல நான் ஓடாம இருந்தா எனக்கு இன்னா குடுப்ப?"

"இன்னா வோணும் கண்ணு?"

"பொக்லைன்."

திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் அப்போது பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் தினமும் வாசலில் நின்றது. ஒரு பெண் குழந்தைக்குப் பொம்மை பிடிக்கும் என்பதெல்லாம் நம் கற்பனை.

"அவ்ளோதானா? நாளைக்கே வாங்கி அனுப்பறேன்."

"கடைல வாங்குனது வாணாம். ஒடஞ்சிபோது. கட்டைல வோணும். கழட்டிக் கழட்டி மாட்டணும்."

"செஞ்சிடலாம்."

"யார் செய்வாங்க?"

இந்த இடத்தில் 'ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்யலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய்.

"யாரா? மாமன் இருக்கேன்ல!"

தேன்மொழி அன்று ராத்திரிக்குள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். 'அண்ணன் சொந்தக் கையால செய்யுது.' மாப்பிள்ளை ஒரு கட்டைவிரல் போட்டார். பெரியம்மா ஒரு சிரிக்கிற முகம் போட்டாள். செல்வம் இரண்டு கைகளைக் கூப்பினான். எதற்குக் கூப்பினான் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஒரு ஆணி நேரா அடிச்சிருக்கீங்களா இந்த வீட்ல?" என்றாள் சாந்தி.

"ஆணி வேற, கலை வேற."

"எல்லாம் செட்டிங்ல இருக்கு"

பலகையில் வளைவு நெளிவாக வெட்ட என்ன வேண்டும் என்று போனில் தேடினேன். ஸ்க்ரோல் சா என்று காட்டியது. பார்க்கத் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஊசிக்குப் பதிலாக ஒரு மெல்லிய ரம்ப பிளேடு மேலும் கீழும் போய் வரும். தட்டின் மேல் பலகையை வைத்துத் துணி தைப்பது போல நகர்த்தினால் வெட்டிக்கொண்டே போகும். வீடியோவில் ஒரு தாத்தா காபி குடித்துக்கொண்டே குதிரை வெட்டினார். தாத்தாவே வெட்டும்போது நமக்கென்ன என்று நினைத்தேன். நான் வாழ்க்கையில் செய்த பாதித் தப்புகள் இப்படி நினைத்துச் செய்தவை.

பழைய பொருள் விற்கிற ஒரு ஆப்பில், அதே திண்டிவனத்தில், ஒன்று விலைக்கு இருந்தது. தனசேகர் என்பவர் வைத்திருந்தார். பெயர்ப் பலகை எழுதுகிறவர். வீட்டு வராந்தாவில் மெஷினுக்கு என்று தனியாக ஒரு ஸ்டூல், அதன் மேல் சிவப்புத் துணி, அதன் மேல் மெஷின், அதன் மேல் காய்ந்த மாலை.

"இரும்பைன்னு ஒரு ஊரு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளக்காரர் இருந்தாரு சார். ஊருக்குப் போவச்சொல்ல எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. பேர்ப் பலகைல எழுத்து வெட்ட ஆவும்னு வாங்கி வெச்சேன்."

"எப்படி ஓடுது?"

"ஓட்டிப் பாக்கல சார்."

"எத்தினி வருஷமா வெச்சினு இருக்கீங்க?"

"அது இருக்கும் சார் ரொம்ப வருஷம். பயமா இருந்துச்சு, ஓட்டல. ஆனா ஆயுத பூஜை மட்டும் ஒரு வருஷம் விட்டதில்ல."

பார்த்தாலே தெரிந்தது. தட்டுக்குக் கீழே முன்பக்கம் அரைவட்டமாக ஒரு தகடு. நெற்றி போலவே இருந்ததால் அவர் அங்கேதான் பொட்டு வைத்திருக்கிறார். பழைய சந்தனத்தைக் கழுவாமல் அதன் மேலேயே அடுத்த வருடச் சந்தனம். அடுக்கு அடுக்காகக் காய்ந்து, மதில் மேல் வறட்டி தட்டியது போல இருந்தது.

உடம்பெல்லாம் ஏதோ புரியாத பாஷையில் எழுத்துகள். ஒரு சிவப்புப் பிடி, இரண்டு கறுப்புத் திருகு, ஒரு சின்ன ரப்பர் குழாய்.

"இதெல்லாம் இன்னாது தனசேகர்?"

"அதெல்லாம் ஒன்னும் தொடாதீங்க சார். எல்லாம் செட்டிங்ல இருக்கு."

என்ன செட்டிங் என்று நான் கேட்கவில்லை. ஓட்டியே பார்க்காதவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று பட்டது. கிளம்பும்போது அவர் மெஷினுக்குச் சூடம் காட்டினார். அவர் மனைவி கண் கலங்கினாள். பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சத்தோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"தையல் மெஷினா சாமியா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"அப்ப லக்கேஜ் போட்டுடறேன்" என்று டிக்கெட் கிழித்தார்.

எண்ணெய் வைபவம்

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, பிளேடுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பிக் கவட்டையைக் கழற்றித் தூர வைத்தது. பேக்கிங்கோடு வந்த ஏதோ என்று நினைத்தேன். அதன் பலனைத்தான் தொடக்கத்தில் பார்த்தீர்கள். பலகை துள்ளாமல் அழுத்திப் பிடிப்பதற்கு இருந்த ஒரே உறுப்பு அது. போதாதென்று பிளேடைத் தலைகீழாக வேறு மாட்டியிருந்தேன். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டியது, மேல்நோக்கி. அது பலகையை வெட்டாமல் தூக்கித் தூக்கி அடித்தது.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். கவட்டையை மாட்டிப் பார்த்தேன், பிளேடைத் திருப்பிப் பார்த்தேன், சிவப்புப் பிடியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தேன். ஒரு முறை 'டங்' என்று பிளேடு அறுந்தது. நான் சமையலறையில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் சாந்தி.

"தண்ணி குடிக்க."

"கைல பலகையோடவா?"

சாந்தி வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். தையல் மெஷினை வைத்தே இதையும் அளந்தாள். கொஞ்ச நேரம் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

"எண்ண போடல. அதான் முரண்டு பண்ணுது. இந்தக் கொழா எதுக்கு இருக்குது? எண்ண ஊத்தத்தான்."

எனக்கும் நியாயமாகப் பட்டது. குழாயின் வாய் வழியாக, வீட்டில் இருந்த மல்லாட்டை எண்ணெயை, மற்ற ஊர்க்காரர்களுக்குக் கடலை எண்ணெயை, புனல் வைத்து ஊற்றினோம். நன்றாகக் குடித்தது. "பாத்தீங்களா, எவ்ளோ காஞ்சி கிடந்துருக்கு" என்றாள்.

பிளக்கைச் சொருகி, மஞ்சள் மூடியைத் தூக்கி உள்ளே அழுத்தினேன்.

அது எண்ணெய்க் குழாய் இல்லை. வெட்டும்போது கோட்டின் மேல் விழுகிற மரத்தூளை 'ஃபூ ஃபூ' என்று ஊதித் தள்ளுகிற காற்றுக் குழாய். அதற்குள் இருந்த மொத்த எண்ணெயையும் மெஷின் என் முகத்தில் ஊதியது. ஃபூ. கண்ணாடி போனது. ஃபூ. சட்டை போனது. நான் கண் தெரியாமல் ஸ்விட்சைத் தடவ, மஞ்சள் மூடி தானாகப் பொத்தென்று விழுந்தது. மெஷின் நின்றுவிட்டது. மூடியை அப்படியே அமுக்கினால் நிற்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை முறை கும்பிட்டதற்குப் பதில் ஒரு முறை தலையில் குட்டியிருக்கலாம்.

"வடை சுட்ட வாசன வருது" என்றாள் சாந்தி. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகையில்லை.

துடைக்கிற சாக்கில் நெற்றியிலிருந்த சந்தனத்தையும் வழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எதுக்கு அழிக்கிறீங்க? சாமிக்கு வெச்சது. அடுத்த ஆயுத பூஜைக்குக் கழுவிட்டுப் புதுசு வெக்கலாம். காது குத்து முடியறவரைக்கும் கை வெக்காதீங்க."

காது குத்து என்றதும் கையை எடுத்துவிட்டேன். என் மடி ஏற்கெனவே விவாதத்தில் இருக்கும்போது ஒரு பொட்டையும் அழித்து வைத்து, அதுவும் கணக்கில் சேர வேண்டாம். தனசேகரும்தான் சொன்னாரே, தொடாதீங்க என்று.

மேலே வருவதும் கீழே போவதும்

அதன்பிறகு மெஷின் வெட்ட ஆரம்பித்தது. நானும் ஒரு மாதிரி பழகினேன். பலகையில் பொக்லைன் படத்தை ஒட்டி, வெளிக்கோட்டை வெட்டினேன். பிறகு அதையே துண்டு துண்டாக: செயின் சக்கரம், டிரைவர் உட்காரும் கேபின், நீளக் கை, நுனியில் வாளி. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு குமிழ், அடுத்ததில் அதற்கு ஒரு குழி. கழற்றிக் கழற்றி மாட்டலாம்.

மாட்ட முடிந்தது. கழற்றுவதில்தான் வினோதம்.

மேசை மேல் வைத்துக் கேபினை மேலே தூக்கினேன், வந்தது. கையைத் தூக்கினேன், வந்தது. வாளியைத் தூக்கினேன், வரவில்லை. நகம் போட்டு இழுத்தேன். வரவில்லை. பொம்மையைக் கையில் எடுத்து வாளியைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்தது. சக்கரமும் அப்படித்தான். கீழேதான் போவேன் என்றது.

நான்கு துண்டுகள். ஒரே பலகை, ஒரே மெஷின், ஒரே ஆள். இரண்டு மேலே, இரண்டு கீழே. ஏன்?

இன்னொரு பலகையில் வெட்டினேன். இந்த முறை கை கீழே போனது, சக்கரம் மேலே வந்தது. எனக்கு வேர்த்தது. ரம்பமா குறளி வித்தையா?

கவனித்த ஒரே விஷயம், மெஷின் தட்டின் மேல் வைத்த பென்சில் ஒரு பக்கமாக உருண்டது. அதற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. கல்யாணமான நாளிலிருந்து ரசம் ஒரு பக்கமாகத்தான் ஓடும். பழைய காலண்டர் தாளை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தேன். பென்சில் கொஞ்சம் மெதுவாக உருண்டது. இன்னொரு தாள் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் ரசம் ஓட ஆரம்பித்தது. பொம்மையில் ஒரு மாற்றமும் இல்லை.

தனசேகருக்குப் போன் போட்டேன்.

"செட்டிங்ல ஏதாச்சும் கை வெச்சீங்களா சார்?"

"இல்ல."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

காது குத்துக்கு முந்தின நாள் வரை இதுதான் நிலைமை. பலகையும் தீர்ந்தது, பிளேடும் தீர்ந்தது. இருந்ததிலேயே சுமாரான ஒன்றைத் தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்தேன். சரியாகக் கழலாத பொக்லைன். இதைக் கொடுத்தால் குழந்தை கோபித்துக்கொண்டு கரும்புக்குள் ஓடும். செல்வம் வேட்டியை விரித்துக்கொண்டு உட்காருவான்.

"பேசாம ஒரு டெடி பொம்மையும் வாங்கிக்கினு போலாமா?" என்றேன்.

"ஆம்பளயா லட்சணமா பொக்லைனோட போங்க" என்றாள் சாந்தி.

கோயிலில்

அதே கோயில், அதே கரும்பு, அதே ஆசாரி. இந்த முறை கரும்புப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வரிசையாகக் காவல் நின்றார்கள். பெரியம்மா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செல்வம் இஸ்திரி போட்ட வேட்டியில் ஒரு ஓரமாக நின்றான். என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினான்.

யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். காது மடலில் மை வைத்துக் குறித்தார்கள். அவள் முதுகு விறைப்பதை என் வயிற்றில் உணர்ந்தேன்.

"மாமா, பொக்லைன்?"

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடியில் வைத்துக் கேபினைத் தூக்கினாள், வந்தது. கையைத் தூக்கினாள், வந்தது. இரண்டையும் மாட்டினாள். வாளியைத் தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"மாமா, ஏன் வர்ல?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இல்லை.

"தெரியல கண்ணு. எனக்கும் பேஜாராத்தான் இருக்குது."

அவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் விளையாட்டுக்குத் தெரியாத மாதிரி நடிப்பது குழந்தைகளுக்குத் தெரியும். இது நடிப்பில்லை என்று என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். குனிந்தாள். மூச்சுக்கூட விடாமல் வாளியின் ஓரத்தையே பார்த்தாள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடினேன். எனக்கும் கம்பி என்றால் ஆகாது.

"ஸ்ஸ்" என்றாள் யாழினி. நான் இறுக்கிப் பிடித்தேன். கூட்டமே மூச்சை இழுத்தது. மேளக்காரர் கோலை ஓங்கியபடி நின்றார்.

"மாமா! கீழ வருது மாமா! மேல வர்ல, கீழ வருது!"

"ஆமாண்டா!"

"அப்ப கை மட்டும் ஏன் மேல வருது?"

"அதாண்டா எனக்கும் தெரியல!"

இரண்டாவது காதுக்கு ஆசாரி இடம் மாறி வந்தபோது அவள் சக்கரத்தில் இருந்தாள். ஒரு முறை முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான். மேளம் முழங்கியது. தேன்மொழி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "முடிஞ்சிடுச்சிண்ணா" என்றாள். என் சட்டைத் தோள் நனைந்தது. எனக்கும் கண் கொஞ்சம் கலங்கியது. அது கற்பூரப் புகை.

யாழினி வீறிட்டு அழுதது அதற்குப் பிறகுதான். "எங்க, கொஞ்சம் குடு பாப்போம்" என்று மாப்பிள்ளை பொக்லைனை வாங்கிக்கொண்டார். அதற்கு.

பந்தியில் அந்தப் பொக்லைன் கைக்குக் கை போனது. வாளியைக் கழற்றுகிறேன் என்று மாப்பிள்ளை பிரியாணி ஆறும்வரை மல்லுக்கட்டினார். செல்வம் மட்டும் அமைதியாக வாங்கிப் பார்த்து, வாளியை மேலிருந்து மாட்ட முயன்று, அமைதியாகத் திருப்பிக் கொடுத்தான். பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எலும்பை ஓரமாக வைத்தாள்.

"மடி நல்ல மடிதான். ஆளுதான் ஒரு மாதிரி."

இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. லாமினேட் செய்யலாம் என்றால் பயமாக இருக்கிறது.

ஊசி

ஆயுத பூஜை வந்தது. சாந்தியே ஈரத்துணி போட்டு ஊறவைத்து, மெஷின் நெற்றியிலிருந்து சந்தனத்தைக் கரண்டிக் காம்பால் பெயர்த்தாள். பாளம் பாளமாக வந்தது.

அடியில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. நடுவில் பூஜ்யம். ஒரு சின்ன ஊசி. ஊசி பூஜ்யத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றது.

அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. அந்தத் தட்டு சாய்கிற தட்டு. கறுப்புத் திருகைத் தளர்த்தினால் வேண்டிய அளவு சாய்க்கலாம். யாரோ, அந்த வெள்ளைக்காரராக இருக்கலாம், லேசாகச் சாய்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தட்டு சாய்ந்திருந்தால் வெட்டும் சாய்வாகத்தான் விழும். துண்டின் ஓரம் நேராக இல்லாமல் பாட்டில் மூடித் தக்கை போலச் சரிந்திருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து வெட்டினால் அது மேலே வரும், அந்தப் பக்கத்திலிருந்து வெட்டினால் கீழே போகும். நான் இஷ்டத்துக்கு வெட்டியவன். பாவம், காலண்டர் தாள். பாவம், ரசம்.

சந்தோஷத்தில் திருகைத் தளர்த்தி, ஊசியை 'டக்'கென்று பூஜ்யத்தில் வைத்து இறுக்கினேன். புதுப் பலகை வாங்கி ஒரு டிராக்டர் வெட்டினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. ஒவ்வொரு துண்டும் மேலேயும் வந்தது, கீழேயும் போனது. தீபாவளிக்குத் திண்டிவனம் போனபோது பெருமையாகக் கொடுத்தேன்.

யாழினி காதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. டிராக்டரைக் கழற்றினாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள். என்னைப் பார்த்தாள்.

"இது நல்லால்ல மாமா."

"ஏண்டா? எவ்ளோ ஈஸியா வருது பாரு!"

"அதான் நல்லால்ல. எனக்கு அது மாதிரி வோணும். ஏன்னு தெரியாத மாதிரி."

அன்றிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன். கொஞ்சம் சாய்த்தால் எல்லாப் பக்கமும் கழல்கிறது. கூடச் சாய்த்தால் துண்டு தானாகவே கீழே விழுகிறது. அந்த ஊசி முன்பு எந்தக் கோட்டில் நின்றது என்று நான் குறித்து வைக்கவில்லை. சாந்தியும் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் தனசேகருக்குப் போன் போட்டேன்.

"தட்டு எவ்ளோ சாஞ்சி இருந்துச்சி தனசேகர்?"



"கலைச்சிட்டீங்களா சார்?" என்றார். "செட்டிங்ல இருந்துச்சே!"

நேற்றுக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, திருகைத் தளர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டை ஒரு தட்டு தட்டி, அப்படியே இறுக்கினேன். கண்ணைத் திறப்பதற்குள் சாந்தி ஊசி மேல் கைநிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள்.

இப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. பலகையை எடுத்தேன். மஞ்சள் மூடியைத் தூக்கினேன்.